தங்கபுஷ்பத்தின் பூச்செண்டு

கல்யாணத்துக்குப் பூ வாங்க வருகிறவர்கள் யாரும் பூவைப் பார்ப்பதில்லை, ஐயா. என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்லும் விலையில் எவ்வளவு இறங்குவேன் என்பதை அங்கே தேடுவார்கள். என் முகத்தில் எதையும் தேடுவது சிரமம். ஒன்பது வயதில் அம்மை போட்டு, நெற்றி முதல் தாடை வரை அம்மி கொத்தியதுபோல் ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கொத்தவால் சாவடியில் வாழைத்தார் மண்டி. "இவன் மூஞ்சிய வச்சு எவனும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, நல்லா வியாபாரம் பண்ணுவான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். என் கூடப் பிறந்த இரண்டு பேரை அதே அம்மை கொண்டுபோன வருஷம்தான் அது. சிரிக்காமல் அவர் என்ன செய்வார்.

டீ வேண்டாம், ஐயா. தண்ணீர் போதும்.

பச்சையம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். சொல்லியிருப்பாள். அவளுக்குப் பொய் வராது. அதனால்தான் பத்து வருஷமாக அவளைக் கல்லாப் பக்கம் விடாமல், பூ கட்டும் வேலையிலேயே வைத்திருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இருக்காது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். நீங்கள் சுகாதார இலாகாவில் பெரிய பதவியில் இருப்பவர்; பாதியை எழுதிக்கொண்டு போனால் நன்றாக இருக்காது. அதனால் நானே உட்கார்ந்து சொல்கிறேன்.

என் பெயர் வரதன். கல்மண்டபத்தில் தகரக் கூரை போட்ட பூக்கடை. மாலை, சரம், பாடைக்குப் பூ, எல்லாம் உண்டு. ஆனால் ராயபுரத்தில் என் பெயர் நிற்பது பூச்செண்டில்தான். மாதா கோயிலில் கல்யாணம் செய்கிற கிறிஸ்தவ வீடுகள், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிற ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்கள், எல்லாருக்கும் மணப்பெண் கையில் பிடிக்கும் செண்டு என் கடையிலிருந்துதான் போகும். சம்பங்கியை வைத்து யார் வேண்டுமானாலும் செண்டு கட்டலாம். அதைத் தரையில் போட்டு மிதித்தாலும் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருக்கும். என் சரக்கு வேறு. பெங்களூரிலிருந்து ரயிலில் வாழைப்பட்டைக்குள் வருகிற ஸ்வீட்பீ. வெள்ளை வெளேரென்று, ஊதினால் கிழிந்துவிடுகிற இதழ். பெயரைக் கேட்டால் துரைசானி மாதிரி இருக்கும். பார்த்தால் நம் அவரைப் பூவின் தங்கச்சி. காம்பு ஒவ்வொன்றுக்கும் தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றி, இடையில் பச்சை இலை வைத்து, பிடிக்கு வெள்ளை ரிப்பன் சுற்ற வேண்டும். அதைப் பச்சையம்மாவைப் போலச் செய்ய இந்தப் பட்டணத்தில் ஆள் கிடையாது.

அந்தப் பூவுக்கு ஒரே ஒரு குணம். கம்பி சுற்றிய பிறகு வெக்கை பட்டால் ஒரு மணி நேரத்தில் ஓரம் பழுத்துவிடும். ஐஸ் வைத்துப் பார்த்தேன். ஐஸ் தொட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, அப்புறம் கறுத்தது. கிணற்றுக்குள் கூடையைத் தொங்கவிட்டேன். ரயில் கரி வந்து படிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செண்டு, கோயில் படியிலேயே பெண்ணின் கையில் பழுத்துப்போய்விட்டது. போட்டோவில் தேநீர் கொட்டிய கைக்குட்டை மாதிரி விழுந்திருந்தது. பெண்ணின் அத்தை அதைக் கொண்டுவந்து என் கடை வாசலில் போட்டு, ஜனங்களைக் கூட்டிவைத்துக்கொண்டு காறித் துப்பிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மார்க்கெட்டில் எனக்கு வாடல் வரதன் என்று பெயர். "இன்னா வாடலு, இன்னிக்கு எவ வாய்ல வுழப் போற" என்று எதிர்க் கடைக்காரன் தினமும் கேட்பான். நானும் சிரிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் விடிந்ததிலிருந்து பயத்தில் பூக்கூடையைத் திறந்து திறந்து பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், எல்லாம் பயத்தால் நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாசி மாதம் தொடக்கத்தில் தங்கபுஷ்பம் கடைக்கு வந்தாள். கூட அவள் அப்பா. துறைமுகத்தில் ஹெட் கிளார்க், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். லெந்து, அவர்களுடைய நோன்புக் காலம், தொடங்கிவிட்டால் நாற்பது நாள் கல்யாணம் கிடையாது. அதற்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்கு முகூர்த்தம் என்றார்.

"ஓய், உம்ம பேரு ஊரெல்லாம் நாறுது. எம் பொண்ணுதான் உம்ம கடையிலதான் வாங்கணும்னு நிக்கா. மூஞ்சத் தொங்கப் போட்ட பூவக் குடுத்தீரு, அவ்வளவுதான்."

அவள் அப்பாவின் கையைத் தொட்டு அடக்கினாள். இருபது வயது இருக்கும். மெல்லிய உடம்பு. "துணிப்பூ வேண்டாம், அண்ணாச்சி. மெழுகுப்பூவும் வேண்டாம். நெசப் பூவா, இந்த மாதிரி லேசா இருக்கணும்" என்று கடையில் தொங்கிய பழைய போட்டோ ஒன்றைக் காட்டினாள். விலை பேசினோம். அவர் இறங்கச் சொன்னார், நான் ஏறினேன், நடுவில் சந்தித்துக்கொண்டோம். எல்லாம் முடிந்து அவர் ரிக்‌ஷா பிடிக்கப் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் அம்மை போட்டிருக்காமே."

"பேச்சுதாம்மா. ஒவ்வொரு மாசியும் இதே பேச்சு."

"எங்கம்மா அதுலதான் போனாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்." சொல்லும்போது அவள் தன் தாடையைத் தடவிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "சின்ன வயசுல எனக்கு அம்மை குத்துனது எழும்பவே இல்ல. மறுபடி குத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். கையில புண்ணாயிரும், காய்ச்சல் வரும், கல்யாணம் முடியட்டும்னு அப்பா சொல்றாங்க. எனக்கு ராத்திரியில தூக்கமே வரல, அண்ணாச்சி. உங்க பூ எந்தெந்த வீட்டுக்குள்ள எல்லாம் போய்ட்டு வரும்?"

இப்படி ஒரு கேள்வியை எந்தக் கிராக்கியும் என்னிடம் கேட்டதில்லை. "ரயிலிலிருந்து நேரா என் கடை. கடையிலிருந்து நேரா உன் கை. நடுவுல எந்த வீடும் கிடையாது" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் பச்சையம்மா ஐந்து நாள் வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போனேன். காசிமேட்டில், வலை உலர்த்தும் இடத்துக்குப் பின்னால், ஒரு சந்து. வெயில் அந்த வருஷம் மாசியிலேயே பல்லைக் காட்டியது. சந்துக்குள் திரும்பியதுமே வேப்பிலை வாசம் வந்தது. அவள் வீட்டுக் கூரை இறவாணத்தில் கொத்து செருகியிருந்தது. கதவை ஒருக்களித்து நின்றுகொண்டு அவள் என்னை உள்ளே விடவில்லை.

"இன்னா நைனா, பாத்தா தெர்ல? ஆத்தா வந்து உக்காந்துகினு கீறா. கெங்கம்மாவுக்கு. இன்னியோட ஆறு நாளு. நீ போய்க்கோ."

கெங்கம்மா அவள் ஒரே மகள். பதினேழு வயது. எனக்கு வந்துவிட்டுப் போன அம்மை, இரண்டாம் தடவை வராது. அதனால் எனக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த அறைக்குள் கால் வைத்ததும் எனக்குப் பூதான் ஞாபகம் வந்தது.

மண் தரையில் மணல் பரப்பி நீர் தெளித்திருந்தாள். சுவரோரம் பானை பானையாகத் தண்ணீர். ஜன்னலில் நனைத்த கோணி. விளக்கில்லை, அடுப்பில்லை. அம்மை கண்ட வீட்டை எப்படிக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று நம் ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே தார் உருகுகிறது; உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல் இருந்தது. மூலையில் வாழையிலைமேல் அந்தப் பெண் படுத்திருந்தாள். நான் முதலில் பார்த்தது அவளை அல்ல. அவள் தலைமாட்டில் ஒரு குவளையில் பச்சையம்மா ஆத்தாவுக்கென்று வைத்திருந்த மல்லிகை மொட்டுகளைப் பார்த்தேன். என்றைக்கு வைத்தது என்று கேட்டேன். நேற்று முன்தினம் என்றாள். அன்று காலையில் பறித்ததுபோல் இருந்தன.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரயில் பூ வரும். ஒன்பது மணிக்குக் கட்டி முடித்தால், மூன்று மணி வரை எங்கே வைப்பது? என் தகரக் கூரையின் கீழ் வைத்தால் மறுபடி வாடல் வரதன். இங்கே வைத்தால் நான் மனிதன். இவ்வளவுதான் கணக்கு.

பச்சையம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை அவள் மொழியிலேயே சொல்கிறேன்: "ஆத்தா கீற வூட்லேர்ந்து ஒரு சிட்டிகை உப்பு வெளிய போவக் கூடாது, நைனா. பிச்சைக்காரனுக்குக்கூட நான் ஒண்ணும் போடல. தலைக்குத் தண்ணி ஊத்தாம எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. நீ இன்னான்னா கல்யாணப் பொண்ணுக்குப் பூ எடுத்துகினு போறேன்ற. அது கையில கொள்ளிய குடுக்கற மாறி."

நான் பேரத்திலே வளர்ந்தவன். முதலில் நயமாகச் சொன்னேன். பூ இந்த வீட்டுப் பொருள் இல்லை, பெங்களூர்ப் பொருள், இங்கே கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுப் போகிறது, அதில் ஆத்தாவுக்கு என்ன நஷ்டம் என்றேன். அப்புறம் ஆத்தாவிடமே பேரம் பேசினேன். ஆடியில் இந்தச் சந்து முழுக்கக் கூழ் ஊற்றுகிறேன், ஆறு மணி நேரம் இடம் கொடு என்று சத்தமாகவே கும்பிட்டேன். பச்சையம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கார்ப்பரேஷன்காரர்கள் வீடு வீடாக அம்மைக்காரர்களைத் தேடுகிறார்களாமே என்று பொதுவாகச் சொன்னேன். கண்டுபிடித்தால் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம், பெற்றவளைக்கூட உடன் விட மாட்டார்களாம், யாராவது எழுதிப் போட்டால் போதுமாம் என்றேன். எழுதிப் போடுவேன் என்று நான் சொல்லவில்லை. அவள் கதவுப் பக்கத்திலிருந்து நகர்ந்துபோய் மகளுக்கு விசிற உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை நானே பூக்கூடையைக் கொண்டுபோனேன். போன உடனே இறவாணத்தில் இருந்த வேப்பிலையை உருவிச் சுருட்டி உள்ளே வைத்தேன். பச்சையம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். அந்த அறையிலேயே உட்கார்ந்து, கையை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கழுவி, ஒன்பதரைக்குள் கட்டி முடித்தாள். அவள் கட்டியதிலேயே அழகான செண்டு அதுதான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல வேலைக்காரி.

கெங்கம்மா விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துகள் நீர் கோத்து, இமை வீங்கி, ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

"நைனா, அத்த ஒருக்கா குடேன். கையில வச்சுக்கறேன்."

"வோணாம்டி" என்றாள் தாய்.

"நெருப்பா எரியுதும்மா. அது ஜில்லுன்னு கீது. ஒருக்கா வச்சுகினு குட்த்துடறேன்."

எனக்கு மனம் இளகிவிட்டது. அந்த நிலையில் ஒரு பெண் கேட்கும்போது எப்படி மறுப்பது? செண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். நான் செய்ததில் அது ஒன்று நல்ல காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உச்சி வேளைக்குச் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கோணியை விலக்கிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட மூன்று பேர். ஒருவன் கையில் நோட்டு. முதல் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர், எல்லாரும் வெளியே வாங்க என்றார்கள். பச்சையம்மா எழுந்து, எங்கே ஓடுவது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றினாள். அவளுடைய பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு. இந்த வீட்டில் செண்டோடு பிடிபட்டால் அதோடு என் தொழில் முடிந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், கதவை இழுத்து மூடி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

நோட்டுக்காரன் கேட்டான்: "உள்ள யாரு?"

"கல்யாணப் பூ கட்டுறாங்க, சார். கதவத் தொறந்தா காத்துப் பட்டு கருகிடும். நான் கல்மண்டபத்துப் பூக்கடை."

"அம்மை கிம்மை ஏதாச்சும்?"

"இந்த மூஞ்சிய வச்சுகினு அம்மை கீற வூட்டு வாசல்ல நிப்பனா, சார்? அது ஒருக்கா செஞ்ச வேலைய நான் தெனமும் கண்ணாடியில பாத்துகினு கீறேன்."

அவன் சிரித்தான். அந்த நேரத்தில்தான் உள்ளே இருமல் கிளம்பியது. ஒரே ஒரு இருமல். அப்புறம் எதையோ வாயில் வைத்து அழுத்தியதுபோல் அடங்கிப்போனது. நான் உரக்கத் தும்மினேன், மூக்கைச் சிந்தினேன், வேப்பம்பூத் தூசி என்று சொன்னேன். அவர்கள் நான்காவதான அந்த வீட்டைத் தாண்டிப் போனார்கள். முதுகுக்குப் பின்னால் கதவு மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பச்சையம்மாதான் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். என் முதுகுதான் என்று பிறகு தெரிந்தது.

உள்ளே போனபோது கெங்கம்மா முகத்தைச் செண்டில் புதைத்துக்கொண்டிருந்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்க அதைத்தான் வாயில் அழுத்தியிருக்கிறாள். பக்கத்தில் வேறொன்றும் கைக்கு எட்டவில்லை. மெதுவாக வாங்கிப் பார்த்தேன். பூ ஒன்றுகூடக் கசங்கவில்லை. அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தாள். ரிப்பனில் மட்டும் மஞ்சளாக ஓர் ஈரம் இருந்தது. வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தேன். என் பெட்டியில் வேறு ரிப்பன் இருந்தது. ஆனால் பிடியை அவிழ்த்தால் காம்பு நசுங்கும். ஈரம் பட்ட பக்கத்தை உட்புறம் திருப்பி ஊசி குத்தினேன்.

"அத்தப் போட்டுடு, நைனா" என்றாள் பச்சையம்மா. சத்தமே இல்லாமல் சொன்னாள். "உன் கால்ல வுழறேன். வாடினா வாடிப் போவட்டும். மண்ணுல போட்டுடு."

மூன்று மணிக்கு நனைந்த மஸ்லின் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோயில் வாசலில் தங்கபுஷ்பம் வெள்ளைப் புடவையும் தலையில் வலையுமாக வண்டியிலிருந்து இறங்கினாள். நான் துணியை விலக்கினேன். கூடி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஐயா, என்னைப் போன்றவர்கள் தொழில் செய்வது. அவள் இரண்டு கையாலும் வாங்கி முகத்தை அதில் வைத்தாள். "எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு, அண்ணாச்சி. ஐஸ்ல வச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். ஹெட் கிளார்க் என் தோளைத் தட்டினார். செண்டு ஆறு மணி வரை, போட்டோ முடிந்து, விருந்து தொடங்கிய பிறகும் அப்படியே இருந்தது. எதிர்க் கடைக்காரன் அதற்குப் பிறகு என்னை வாடல் என்று கூப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதுகு வலி என்றாளாம். பதினைந்தாம் நாள் முகத்திலும் உள்ளங்கையிலும் முத்துப் போட்டது. அவர்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. கண்ணாடியைக் கொண்டுவா என்று கேட்டாளாம், அப்புறம் வேண்டாம் என்றாளாம். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். இதெல்லாம் அவள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய சவப்பெட்டிக்குப் பூ கேட்டு அவர் என் கடைக்குத்தான் வந்தார். அன்று அவர் விலை பேசவில்லை. ஸ்வீட்பீ சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லி, சம்பங்கியிலேயே வளையம் கட்டிக் கொடுத்தேன். கெங்கம்மா பிழைத்துக்கொண்டாள், ஒரு கண்தான் போய்விட்டது. அம்மை யாரைக் கொண்டுபோகும், யாரை விட்டுவிடும் என்பது யாருக்கும் தெரியாது. பச்சையம்மா உங்களிடம் வந்தது மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் என்கிறீர்கள். அவள் சுபாவம் அப்படி.

அவளுக்குத் தெரிந்தது இதோடு சரி. இனிமேல் சொல்வது எனக்கு மட்டும் தெரியும்.

கல்யாணம் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் ஜெயவேல் கடைக்கு வந்தார். உங்கள் இலாகாவில் அம்மை குத்துகிறவர். உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சைக்கிளைச் சாத்திவிட்டு, தகரப் பெட்டியைப் பலகைமேல் வைத்து, வெற்றிலை போட உட்கார்ந்தார். காசிமேட்டுப் பக்கம் ஒளித்து வைக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

"ஒளிச்சு வச்சு இன்னாபா ஆவப் போவுது, வரதா? தொட்டவன், பக்கத்துல இருந்தவன் எல்லாரும் மூணு நாளைக்குள்ள வந்து கைய நீட்டினா போதும். பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். அப்பிடியே வந்தாலும் லேசா வந்துட்டுப் போய்டும். எவன் கேக்கறான்?"

சனி, ஞாயிறு, திங்கள் என்று நான் மனதுக்குள் விரலை மடக்கினேன். மூன்றாவது விரலை மடக்கும்போது கடை வாசலில் ரிக்‌ஷா நின்றது. தங்கபுஷ்பம் இறங்கினாள். புருஷன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணக் கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எனக்கென்று கொண்டுவந்திருந்தாள்.

"செண்டு இன்னும் முழுசா வாடல, அண்ணாச்சி. கண்ணாடித் தம்ளர்ல தண்ணி ஊத்தித் தலைமாட்டுலயே வச்சிருக்கேன்."

பலகைமேல் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஜெயவேலைப் பார்த்து, "அம்மை குத்துறவங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. குத்திக்கினியா?"

"இன்னும் இல்லீங்க. ரொம்பப் பயமா இருக்கு. கல்யாணம் முடிஞ்சு குத்தலாம்னு இருந்தேன்." புடவைத் தலைப்பை விலக்கி, இடது கையை முழங்கை வரை நீட்டியே விட்டாள். மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. "இப்பவே குத்திருவீங்களா? ரெண்டு நிமிஷந்தானே?"

ஜெயவேல் பெட்டியின் கொக்கியை விடுவித்தார். அப்புறம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. தாயில்லாத பெண், என்னையும் ஒரு பெரிய மனிதனாக எண்ணியிருக்கலாம். "வியாழக்கிழமை எங்க மாமியார் வீட்ல பெரிய விருந்து, அண்ணாச்சி. கை வீங்கினா ஏதாச்சும் நெனைப்பாங்களா?"

குத்திக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் திறந்தது. அப்போது ஜெயவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் ஒளித்துவைக்கிறார்கள் என்று இப்போதுதான் சொன்ன மனிதர். நான் அவசரப்படுத்தினால், ஏன் இவனுக்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பார். செண்டு எங்கே கட்டியது என்று கேட்பார். அவள் ஐஸ் என்பாள். ராயபுரத்தில் எந்த ஐஸ்காரன் என்று கேட்பார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கேக்குக் காகிதம் அதில் ஒட்டிக்கொண்டது.

"புதுப் பொண்ணு, சார், விட்டுடுங்க" என்றேன். "விருந்துக்குக் கை வீங்கிப் போய் நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு வாரம் போவட்டும்மா. ஜெயவேல் சார் எங்க போய்டப் போறாரு."

அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஜெயவேல் கொக்கியை மாட்டினார்.

நான் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை, ஐயா. அதை உங்கள் காகிதத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துக் குத்திக்கொள் என்றுதான் சொன்னேன். குத்திக்கொள்ளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே.